முனிரத்தினம் மாமாவின் பிரேக் லைனர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முனிரத்தினத்தைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதற்கு பென்னலூர் முழுக்க ஆள் இருக்கிறது. அதுதான் வேண்டுமென்றால் அவர்களிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் கேட்டால் கோபமும் கலந்துதான் வரும். அவர் என் அக்கா மரகதத்தின் புருஷன், எனக்கு மாமா. சொந்தக்காரன் கோபப்படாமல் வழியில் போகிறவனா கோபப்படுவான்?

மாமா எட்டாவதோடு நிறுத்திக்கொண்டவர். படிப்பு ஏறவில்லை, அவர் லாரியில் ஏறிவிட்டார். பெங்களூர் ரோட்டு லாரிகளில் கிளீனராக இருந்து, டயர் உருட்டி, டிரைவர்களிடம் ஸ்பானரால் அடி வாங்கி, ஒரு வழியாக லைசென்ஸ் எடுத்து, ரைஸ்மில் முதலாளி ஒருவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். முதலாளி மாருதி வாங்கியபோது பழைய அம்பாசடரை இவருக்கே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அது டாக்சி. சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, டீக்கடைப் பக்கம் நிற்கும். மாமா அதன் பானெட்டில் சாய்ந்துகொண்டு நிற்பார். பெண்டாட்டி மேல்கூட அவர் அப்படி உரிமையாகச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

யாராவது கதவைப் படார் என்று சாத்தினால் போதும், "மெதுவா சாத்துமே, அதுக்கும் உசுரு கீது" என்பார். நல்லதையும் சொல்ல வேண்டும். பிரசவ வலி என்று யார் வாசலில் வந்து நின்றாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும் அப்படியே எழுந்து போவார். அந்த வண்டியின் பின் சீட்டிலேயே பிறந்த பிள்ளை ஒன்று பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறது. அவன் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்த பிறகும் மாமா அவனை 'என் வண்டிக்குப் பொறந்தவன்' என்றுதான் சொல்வார். அவன் அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வெட்கம்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரியில் அந்த வண்டி தணிகாசலத்தின் மேல் ஏறியது.

தணிகாசலம் எங்கள் அடுத்த தெரு. ரப்பர் கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை. இரண்டாவது ஷிப்டுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். பட்டப்பகல், நேரான ரோடு. மாமா தனியாக வந்துகொண்டிருந்தார். தணிகாசலத்தின் இடது காலை முழங்காலுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அன்று நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாமா ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தணிகாசலத்தை ஒரு பால் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அம்பாசடரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, வீட்டுப் பக்கத்தில் புங்கமரத்தடியில் விட்டோம்.

போலீசுக்குப் போகவில்லை. ஊரில் உட்கார்ந்து பேசினார்கள். பேச என்ன இருந்தது? ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தணிகாசலமே சொல்லிவிட்டான். "வண்டி பண்ண தப்புக்கு முனிண்ணா இன்னா பண்ணுவாரு? அவரு மேல கேஸு கீஸுன்னு யாராச்சும் போனா எனக்குக் கெட்ட கோவம் வரும்." கால் போனவனே அப்படிச் சொன்ன பிறகு ஊர் என்ன சொல்லும்? தப்பு வண்டி மேல் என்று முடிவாகி, எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள்.

அதற்குப் பிறகுதான் என் அக்கா வீடு இருண்டது. மாமா வண்டிப் பக்கம் போகவே இல்லை. விடிந்ததும் எழுந்து தணிகாசலம் வீட்டுக்குப் போவார். அவனைத் தோளில் தாங்கி ஏரிக்கரைக்குக் கூட்டிப் போவார், குளிக்க வைப்பார், அவன் வீட்டு வாசலில் போட்டுக்கொண்ட பெட்டிக்கடையைத் திறந்துவிட்டு வருவார். வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மே மாதம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் மீட்டிங்கில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அப்போது எங்கெங்கிருந்தோ வந்த பத்திரிகைக்காரர்கள் வாடகை வண்டிக்கு நாயாக அலைந்தார்கள். வாசலில் வந்து கெஞ்சிவிட்டுப் போனார்கள். மாமா தலையைத் தூக்கவில்லை. எருமை மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. இந்த மனுஷன் மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். சம்பாதிக்கிறாரோ இல்லையோ, பிடித்தால் போதும். வண்டி ஓட்டினால்தான் அவர் மனுஷன், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு மூட்டை என்று அவளுக்குத் தெரியும்.

கன்னியம்மன் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் ஒரு வழி சொன்னார். கேடு செய்த பொருளைக் கழற்றி எடுத்து, கேடு பட்டவன் கையாலேயே வண்டிக்காரனைச் சுற்றி, முச்சந்தியில் போட்டுவிட வேண்டும். அதோடு அது போய்விடும். புதுசு மாட்டி, ஆயுத பூஜையில் வண்டிக்குப் படையல் போட்டு எடுத்தால் பயம் தெளியும்.

"பிரேக் லைனர மாத்திக் குடுறா ரகு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் என்னிடம்.

நான் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எனக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல். ஸ்ரீபெரும்புதூரில் மெக்கானிக் ஷெட் எதற்கு இருக்கிறது? வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்டால் ஒரு மதியத்தில் முடித்துக் கொடுத்துவிடுவான். மாமா ஒரே பிடியாக நின்றார். "ஷெட்டுக்கு வேணாம். மாத்தறதுன்னா வூட்லயே மாத்தட்டும், ரகு மட்டும் மாத்தட்டும்." கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். மனுஷன் எட்டு மாசத்தில் வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான், போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டேன். அதைத் தள்ளிப்போட முடியாது. மறுநாள் ஸ்பானர், சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் போய்விடும், அப்புறம் தொடக்கூடாது. பட்டணத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், லைனர் அடித்துத் தயாராக இருக்கிற பிரேக் ஷூ நாலு சக்கரத்துக்கும் வாங்கி வந்திருந்தேன். என் சொந்த டூல் பெட்டி, கம்பெனியில் சொல்லிவிட்டு எடுத்து வந்த நல்ல ஜாக்கி, பிரேக் ஸ்பிரிங்கைக் கழற்றுகிற கொக்கி, எமரித்தாள், மண்ணெண்ணெய், பழந்துணி எல்லாவற்றையும் சாக்கு விரித்து அடுக்கினேன். கோணலாக வேலை செய்கிறவனை எனக்குப் பிடிக்காது. ஒரு வேலைக்கு அதற்கான சாமான் கையில் இருக்க வேண்டும்.

மாமா வந்து எதிரில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

முதலில் டிரைவர் சீட்டில் ஏறி பிரேக் பெடலை மிதித்தேன். போன பிரேக் என்றால் பெடல் தரை வரைக்கும் போக வேண்டும். இது பாதியிலேயே கல் மாதிரி நின்றது. இன்னொரு தரம் மிதித்தேன். அப்படியேதான். பிரேக் ஆயில் மட்டம் பார்த்தேன், குறையவில்லை. படுத்துக்கொண்டு குழாய் போகிற வழியெல்லாம் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. சரி, அப்படியானால் லைனர்தான் வழவழ என்று தேய்ந்து போயிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பின் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு, முன்னால் ஜாக்கி ஏற்றினேன். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே டிரம் இருக்கும், சட்டி மாதிரி. அதற்குள்தான் ஷூ; அதன் மேல் அடித்திருக்கிற பட்டைதான் லைனர், அது டிரம்மில் உரசித்தான் வண்டி நிற்கும். எட்டு மாதம் மழையில் நின்றதில் டிரம் துருவேறி விடாப்பிடியாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டித் தட்டி இழுத்தேன். கையோடு வந்தது. ஈரத் துணியால் தூசியைத் துடைத்தேன்.

லைனர் தடிமனாக இருந்தது.

தேய்ந்த லைனரை நான் பார்க்காதவன் இல்லை. ரிவிட் தலை வெளியே எட்டிப் பார்க்கும், டிரம்முக்குள் கீறல் விழுந்திருக்கும். இதில் ரிவிட் உள்ளே ஆழத்தில் கிடந்தது. டிரம் உள்பக்கத்தில் லேசான துருவைத் தவிர ஒரு கீறல் கிடையாது. வாங்கி வந்த புதுசைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் நகத்தளவு வித்தியாசம்கூட வரவில்லை.

நான் மாமாவைப் பார்க்கவில்லை. அடுத்த சக்கரத்துக்குப் போனேன். அதுவும் அப்படித்தான். பின்னால் இரண்டும் அப்படித்தான். நாலையும் திறந்து போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

"மாமா, எல்லாம் நல்லாக் கீது."

"மாத்து."

"இன்னாத்த மாத்தறது? இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும். பெடலும் நிக்குது. இதுல இன்னா புடிக்கல உனக்கு?"

"மாத்து மச்சான். கேள்வி கேக்காத. மாத்து." அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஷெட் வேண்டாம் என்றது ஏன், நான் மட்டும் என்றது ஏன், நன்றாக ஓடுகிற வண்டியை டிராக்டரில் கட்டி இழுக்கவைத்தது ஏன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். இந்த ஆள் ரெண்டே வார்த்தையில் ஊர் வாயை மூடிவிட்டார். பளார் என்று ஒன்று விடலாமா என்று கை துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மூத்தவர் என்பதால் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டு வந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தாள். கழற்றிப் போட்ட ஷூக்களைக் குனிந்து பார்த்தாள். பாம்பு செத்துக் கிடந்தால் பார்ப்பார்களே, அப்படி.

"இதாடா அது? சனியன். அல்லாத்தையும் கழட்டிட்டியா? ஒன்னுகூட உள்ள இருக்கக் கூடாது" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு தெளிவு. அந்த வருஷம் முழுக்க நான் பார்க்காத முகம். நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

பிறகு நல்லதைக் கழற்றிய இடத்தில் நல்லதை மாட்டினேன். பைத்தியக்கார வேலை. இருந்தும் ஒழுங்காகச் செய்தேன். புது லைனரை எமரித்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிங்கைக் கொக்கியால் இழுத்து மாட்டி, டிரம்மைப் போட்டு, சக்கரம் இறுகுகிற வரைக்கும் அட்ஜஸ்டரைத் திருகி, பிறகு உரசாமல் சுற்றுகிற அளவுக்குத் தளர்த்தினேன். நாலு சக்கரத்துக்கும் அப்படியே. ஜாக்கியை இறக்குவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துப் பார்த்தேன். புதுப் பேட்டரி போட்டதில் என்ஜினும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். மாமா மட்டும் கல்லை விட்டு எழவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தணிகாசலத்தை மாமாவே போய்க் கூட்டி வந்தார். ஒரு கை ஊன்றுகட்டையில், ஒரு கை மாமாவின் தோளில். சிரித்த முகமாக வந்தான்.

"அண்ணி, நாளைக்கு மொத சவாரி நான்தான். காஞ்சிபுரம் போய்ட்டு வரணும். இப்பவே சொல்லிட்டேன்" என்றான். அக்கா சிரித்தாள். பிறகு தணிகாசலம் என் பக்கம் திரும்பி, "எங்க ரகு, என் கால வாங்குனவன எனக்குக் காட்டு" என்றான்.

பழைய ஷூ ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவன் அதற்கு முன் அந்தச் சாமானைப் பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இம்மாந்துண்டுதானா? தேஞ்சி போச்சின்னா இப்டித்தான் இருக்குமா?" என்றான். நான் ஜாக்கியை எடுத்து வைக்கிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

அக்கா மாமாவைக் கிழக்குப் பார்க்க நிற்க வைத்தாள். ஷூவின் மேல் கற்பூரம் வைத்துக் கொளுத்தினாள். தணிகாசலம் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அதைத் தூக்கி மாமாவின் தலையைச் சுற்றினான். பூசாரி சொல்லிக் கொடுத்ததோ அவனாகச் சொன்னதோ தெரியாது. "எல்லாக் கேடும் உன்னோட போவட்டும். எங்கண்ணன் மேல ஒன்னும் இல்ல. எல்லாம் உன்னோட போவட்டும்" என்றான்.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றுக்குக் கை மேலே போனபோது மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அத்தக் கீழ வெய்யி தணிகாசலம். அது ஒன்னும் பண்ல."

"இன்னாணா?"

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சி. நான் மெதிக்கல." மாமாவின் குரல் சாதாரணமாக இருந்தது, சவாரிக்கு வழி கேட்கிற மாதிரி. "ஹாரன் அடிச்சேன். நீ நவுந்துடுவன்னு நெனச்சேன். எப்பவும் எல்லாரும் நவுந்துடுவாங்க. அடிச்சிக்கினே வந்துட்டேன். கால பிரேக்குல வெக்கணும்னு தோணறதுக்குள்ள நீ அடியில பூட்ட."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தணிகாசலத்தின் விரலுக்குக் கிட்டே வந்துவிட்டது. நான்தான் போய் அதை வாங்கிக் கீழே வைத்தேன். அவன் சூடு பட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஹாரன் கேட்டுச்சிணா" என்றான் கடைசியில். "நவுற எடமில்ல. ஓரம் பூரா ஜல்லி கொட்டி வெச்சிருந்தானுங்க. திரும்பிப் பாத்தேன், உன் வண்டி. சரி, முனிண்ணாதான, பிரேக் போட்டுடுவாருன்னு சைக்கிள மிதிச்சிக்கினே இருந்தேன்."

மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஏண்ணா இத்த சொன்ன?" என்றான் தணிகாசலம். "எட்டு மாசமா ஒரு இரும்பு மேல கோவப்பட்டுக்கினு கெடந்தேன். அது சுளுவா இருந்துச்சி. காத்தால நீ வருவ, உன் தோள்மேல கையப் போட்டுக்கினு போவேன், மனசு ஆறிடும். இனிமே உம்மேலதான கோவப்படணும். அடுத்த தெருவுல குந்திக்கினு அத்த எப்டிணா பண்றது நானு?"

அவன் கட்டையை ஊன்றித் திரும்பினான். மாமா பழக்கத்தில் தோளைக் கொடுக்கப் போனார். அவன் ஒதுங்கிக்கொண்டான். தள்ளவில்லை, திட்டவில்லை. சும்மா ஒதுங்கிக்கொண்டான். "நாளைக்குக் காத்தால வராத" என்று மட்டும் சொன்னான். தெருமுனை வரைக்கும் நான் கூடப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தனியாகப் போனான். கட்டையில் தனியாக நடந்து அவனுக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை, நின்று நின்றுதான் போனான்.

உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனுஷன் மேல் எனக்குக் கோபம் வந்தது என்றால் அது அன்றைக்குத்தான். எட்டு மாசம் விழுங்கியவருக்கு இன்னும் ஒரு சுற்று விழுங்கத் தெரியவில்லையா? இந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வந்தது.

அக்கா அழவில்லை. அணைந்த கற்பூரத்தைக் காலால் தள்ளிவிட்டு மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

"சொல்லிட்ட. ஆச்சி. உள்ள வெச்சிக்கினு இருந்தத எறக்கிட்ட. இனிமே வண்டி எடுப்பியா?"

மாமா கையை முகத்திலிருந்து எடுத்தார். கீழே கிடந்த பழைய ஷூவைக் குனிந்து எடுத்து, அதில் படிந்திருந்த கற்பூரக் கரியை லுங்கியால் துடைத்தார். லைனரை விரலால் தடவிப் பார்த்தார். மற்றதையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் வைத்து, என்னிடம் நீட்டினார்.

"பழச பத்திரமா வையி மச்சான்" என்றார். "நல்ல லைனரு. வண்டிய வாங்கறவனுக்கு ஒதவும்."

அக்கா அப்போதுதான் வண்டியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.